பிரசவத்தில் நேர்ந்த தவறும் பெற்றோரின் சட்ட உரிமையும்

பிரசவத்தில் குழந்தைக்கு ஏற்படும் பாதிப்பு எல்லாமே மருத்துவரின் தவறாகிவிடாது. தோள் சிக்கிய குழந்தையை எடுக்கும்போது கை நரம்பு இழுபடலாம். மூச்சுத்திணறலில் மூளை பாதிக்கப்படலாம். கைதேர்ந்த மருத்துவர் இருக்கும் இடத்திலும் இவை நேர்வதுண்டு. சட்டம் பார்ப்பது, அதே துறையில் போதிய பயிற்சியுள்ள ஒரு மருத்துவர் அந்த நிலையில் எடுத்திருக்கும் கவனத்தை இவர் எடுத்தாரா என்பதைத்தான். வயிற்றிலுள்ள குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்துகொண்டே வந்தும் யாரும் பார்க்காமல் விட்டது, சிசேரியனைக் காரணமின்றித் தள்ளிப்போட்டது போன்றவை அலட்சியக் கணக்கில் வரும்.

பிறந்தபின் செய்யத் தவறியதும் அப்படியே. 1996-ல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29 வாரத்தில், 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இன்குபேட்டரில் வைத்து ஆக்ஸிஜன் கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரை கெடும் ஆபத்து உண்டு. சில வாரங்களுக்குள் கண்ணைப் பரிசோதித்தால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம். அந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லி ஒருவரும் பெற்றோருக்கு அறிவுறுத்தவில்லை. குழந்தை பார்வை இழந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2015-ல் அதை ஏறத்தாழ 1.8 கோடியாக உயர்த்தியது. செலவழித்த பணத்தோடு, வாழ்நாள் முழுதும் ஆகப்போகும் மருத்துவச் செலவையும் விலைவாசி ஏற்றத்தையும் நீதிமன்றம் கணக்கில் கொண்டதே இந்தத் தீர்ப்பின் சிறப்பு.

கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பதை உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. எல்லோருக்கும் முழு இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை அதில் சேராது. அங்கே நடந்த தவறுக்குச் சிவில் நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோ நாடலாம். சிகிச்சை பெற்ற குழந்தை, அதற்காக மருத்துவமனையை அணுகிய பெற்றோர் ஆகிய இரு தரப்புமே நுகர்வோர் என்று 1998-ல் தீர்ப்பானது. தவறான ஊசியால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தையின் வழக்கு அது. குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோரின் மனவேதனைக்குத் தனியாக 5 லட்சம்.

வழக்கின் உயிர் மருத்துவமனைக் காகிதங்களில் இருக்கிறது. கேஸ் ஷீட், பிரசவ முன்னேற்ற வரைபடம், இதயத்துடிப்புப் பதிவு, அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றின் நகலை எழுத்துமூலம் கேட்க வேண்டும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. எத்தனை மணிக்கு யார் என்ன பார்த்தார் என்பதைச் சொல்லும் வேறு சாட்சி பெரும்பாலும் கிடைக்காது.

புகாரைப் பெற்றோர் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். மருத்துவமனைக்குச் செலுத்திய தொகை 50 லட்சத்தைத் தாண்டாதவரை மாவட்ட நுகர்வோர் ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை விண்ணப்பக் கட்டணமும் இல்லை.

காவல்துறைக்குப் போவதும் முடியும், ஆனால் கடினம். சாதாரணக் கவனக்குறைவு போதாது, அப்பட்டமான அலட்சியம் இருந்தால்தான் குற்றவழக்கு என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் மருத்துவரின் பதிவை நிறுத்திவைக்கலாம். இழப்பீடு வாங்கித் தராது.

நுகர்வோர் ஆணையத்தில் கெடு இரண்டு ஆண்டுகள். மூளை பாதிப்பு குழந்தை உட்காரவோ நடக்கவோ தாமதிக்கும்போதுதான் பல வீடுகளில் தெரியவருகிறது. அப்படிப் பின்னால் வெளிப்படும் பாதிப்புக்கு, அது தெரிந்த நாளிலிருந்து கெடுவை எண்ணலாம் என்பது 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. சிவில் நீதிமன்றத்தில் குழந்தைக்கு இன்னும் நீண்ட அவகாசம் உண்டு: 18 வயது நிரம்பியபின் பொதுவாக மூன்று ஆண்டுகள். ஆனால் உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருந்தாலே போதும் என்றுதான் அதே 2002 விதி சொல்கிறது.