புளித்த கூழின் வேதியியல்

இந்தியாவின் முன்மொழிவை ஏற்று ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பின், கேழ்வரகும் கம்பும் 'சூப்பர் ஃபுட்' என்ற பட்டத்துடன் பளபளப்பான பொட்டலங்களில் ஏறி, ரேஷன் அரிசியை நம்பி வாழும் குடும்பங்களுக்கு எட்டாத விலையிலும் விற்கப்படுகின்றன. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியமும், அதே அளவு கம்பில் ஏறத்தாழ 6 மில்லிகிராம் இரும்பும் இருப்பது உண்மையே. எனினும் தானியத்தில் இருப்பது வேறு, குடல் உறிஞ்சுவது வேறு. இந்த இடைவெளியைக் குறைக்க விலையுயர்ந்த பொட்டலம் தேவையில்லை, சந்தையில் அளந்து வாங்கும் சாதாரணக் கேழ்வரகும் ஓர் இரவும் போதும்.

இடைவெளிக்குக் காரணம் ஃபைடிக் அமிலம். இனோசிட்டால் என்னும் வளைய மூலக்கூறின் ஆறு கரி அணுக்களிலும் பாஸ்பேட் தொகுதிகள் கோக்கப்பட்ட இச்சேர்மம், விதை தன் முளைக்காகச் சேர்த்துவைக்கும் பாஸ்பரஸ் இருப்பாகும். எதிர்மின்னேற்றம் கொண்ட அதன் பாஸ்பேட்டுகள் இரும்பையும் துத்தநாகத்தையும் கால்சியத்தையும் இறுகப் பற்றிக்கொள்வதால், அவற்றில் பெரும்பகுதி கரையாமலே குடலைக் கடந்துவிடுகிறது. அப்பிணைப்பை அவிழ்க்கும் ஃபைடேஸ் என்னும் நொதி மனிதக் குடலில் மிகச் சொற்பம்.

அந்த நொதி விதைக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் வியப்பு. உழவர் வீட்டுக் குதிரில் விதைநெல்லைக் கொட்டி வாயை மண்ணால் பூசி, மழை பெய்த பிறகே திறப்பதைப் போல, விதையும் ஈரம் படும்வரை தன் இருப்பைத் திறப்பதில்லை. மாவில் தண்ணீர் ஊற்றியதும் மழை வந்துவிட்டதென்றே நொதி செயல்படத் தொடங்குகிறது. பாஸ்பேட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, குதிருக்குள் சிக்கியிருந்த உலோகங்களையும் வெளியே விடுகிறது. மாவை முன்கூட்டியே வறுத்துவிட்டால் குதிரைத் திறக்க வேண்டியவரையே தீயிலிட்டதாகிவிடும். அரிசியைத் தீட்டுவதோ, அந்தக் குதிரைத் தவிட்டோடு சேர்த்துத் தூக்கி வெளியே எறிவதாகும்.

இரவில் கரைத்து வைத்த மாவில் பெருகும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் கரைசலைப் புளிக்கச் செய்து, அதன் அமிலத்தன்மையைத் தானிய ஃபைடேஸ் சிறப்பாக இயங்கும் அளவான பி.எச். 5-ஐ ஒட்டிக் கொண்டுவருகின்றன. எனவே புளிக்கவைத்த பிறகே கூழைக் காய்ச்சும் வரிசையைக் கைவிடலாகாது. கொதி நொதியை அழித்துவிடும். முளைகட்டிய கேழ்வரகை உலர்த்தி அரைப்பதும் இவ்வகையிலேயே பயன் தருகிறது.

இந்தத் தடை பற்றிய ஆய்வின் வரலாறு சுருக்கமானது: இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டனில் மெக்கான்ஸ், விடோசன் என்னும் ஆய்வாளர்கள், தவிடு நீக்காத மாவின் ரொட்டியை உண்டோர் கால்சியத்தைக் குறைவாகவே உறிஞ்சினர் என்றும், ஃபைடிக் அமிலத்தை நீக்கியபோது நிலை மேம்பட்டது என்றும் காட்டினர்.

ஆயினும் புளித்த கூழை மருந்தாகப் போற்றுவதும் மிகையே. நொதித்தல் ஃபைடிக் அமிலத்தை முழுமையாக நீக்குவதில்லை; எஞ்சும் சிறிதளவே இரும்பைக் கணிசமாகத் தடுக்கக்கூடும், கேழ்வரகின் தோலிலுள்ள டானின்களும் அதற்குத் துணைபோகும். கூழோடு ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டால், அதன் வைட்டமின் சி இரும்பை எளிதில் உறிஞ்சத்தக்க ஃபெரஸ் வடிவுக்கு மாற்றி, தடையின் ஒரு பகுதியை ஈடுசெய்யும். தேநீரிலும் டானின் உண்டு என்பதால், அதைக் கூழோடு அருந்தாமல் ஒரு மணி நேரமேனும் தள்ளிவைப்பது நல்லது.