கரித்துண்டுக்குள் என்ன இருக்கிறது?

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கிறது பத்து ஆராங். 1915 முதல் 1960 வரை அங்கே வெட்டிய நிலக்கரி மலாயாவின் ரயில்களையும் மின்நிலையங்களையும் ஓட்டியது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியைப் போலவே புவியியல் கணக்கில் அது இளங்கரி: ஈரம் அதிகம், வெப்பம் குறைவு. எல்லாக் கரியும் புதைந்த தாவரம்தான். பின் ஏன் கரிக்குக் கரி இத்தனை வேறுபாடு?

கரி ஒரே சேர்மம் அல்ல. அதற்கென்று ஒரு வாய்பாடு கிடையாது. கார்பன் வளையங்கள், அவற்றை இணைக்கும் சங்கிலிகள், ஆக்சிஜன் ஒட்டிய ஓரங்கள், நடுவே கனிமத் தூள் என எல்லாம் கலந்த திடப்பொருள் அது. அதனால் அதை ஆராய ஒரு கருவி மட்டும் போதாது.

முதல் சோதனை எளியது. கரித்தூளைச் சுமார் 105 பாகை செல்சியஸில் உலர்த்தினால் குறையும் எடை ஈரம். மூடிய புடக்குகையில் வைத்து 900 பாகையில் ஏழு நிமிடம் சூடாக்கினால் வாயுவாகப் போவது எவ்வளவு என்று தெரியும். எரித்து மிஞ்சுவது சாம்பல்.

அடுத்து அகச்சிவப்பு நிறமாலை. தூளைப் பொட்டாசியம் புரோமைடுடன் கலந்து, மெல்லிய வில்லையாக அழுத்தி, அகச்சிவப்பு ஒளியைச் செலுத்துவார்கள். ஒவ்வொரு பிணைப்பும் தான் அதிரும் அலைவெண்ணில் ஒளியை உறிஞ்சும். செ.மீ.க்கு 2920 அலைகளை ஒட்டிச் சங்கிலிகளும், 1700-ஐ ஒட்டிக் கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பும் தெரியும். கரி முதிர முதிர 1700 மங்கிவிடும்.

அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை எக்ஸ்-கதிர் சொல்லும். சர் சி. வி. ராமனின் கொல்கத்தா ஆய்வுக்குழுவைச் சேர்ந்த சி. மகாதேவன், 1929 வாக்கிலேயே நிலக்கரியை இவ்வழியில் ஆராய்ந்தார். கிராஃபைட்டின் கார்பன் தாள்கள் 0.335 நானோமீட்டர் இடைவெளியில் ஒழுங்காக நிற்கும். கரியிலோ அவை கலைந்த சீட்டுக்கட்டு.

ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் 1928-இல் கண்ட ஒளிச்சிதறலும் இதற்கு உதவுகிறது. லேசர் பட்டதும் செ.மீ.க்கு 1580 அலைகளை ஒட்டி ஒரு முகடும் 1350-ஐ ஒட்டி இன்னொன்றும் எழும். முன்னது கார்பன் தாளுடையது. பின்னது அதன் ஒழுங்கின்மையைக் காட்டுவது. ஆனால் இளங்கரி லேசரில் தானே ஒளிர்ந்து இந்த முகடுகளை மூழ்கடித்துவிடும். அங்கே அகச்சிவப்பே கைகொடுக்கும். மொத்தக் கார்பனில் வளையத்தின் பங்கு எவ்வளவு என்பதை அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு தரும்: பழுப்புக் கரியில் ஏறக்குறையப் பாதி, மிக முதிர்ந்த கரியான ஆந்த்ரசைட்டில் பத்தில் ஒன்பதுக்கும் மேல்.

இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் கரியின் மூலக்கூறு மாதிரியை வரைகிறார்கள். ஆகவே பாடநூலில் காணும் அந்தப் படம் எந்தத் துண்டினுடையதும் அல்ல. பல அளவீடுகளின் சராசரி.