சிறு கூறுகளைக் கொண்டு சராசரியைச் சோதித்தல்

ஒரு முழுமைத் தொகுதியின் சராசரி இவ்வளவு என்று கூறப்படும்போது, சில அளவீடுகளை மட்டும் கொண்டு அக்கூற்றைச் சரிபார்க்க உதவும் புள்ளியியல் முறை டி-சோதனை ஆகும். பொதுவாக 30-க்குக் குறைவான அளவீடுகள் கொண்ட தொகுப்பு சிறு கூறு எனப்படும்.

தோற்றம்

டப்ளின் நகரின் கின்னஸ் மதுபான ஆலையில் பணியாற்றிய வில்லியம் சீலி காசெட், 1908-இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் இம்முறைக்கு அடிப்படையான கட்டுரையை வெளியிட்டார். சில அளவீடுகளிலிருந்து கணக்கிடும் திட்ட விலக்கமே உறுதியற்றது. எனவே இயல்நிலைப் பரவல் அட்டவணையைப் பயன்படுத்தினால் தவறான முடிவு எளிதில் வந்துவிடும். இதைச் சரிசெய்வதே டி-பரவல்.

எடுத்துக்காட்டு

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இங்குள்ள சில மீனவக் கிராமங்களில், இறால் பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' முறை உள்ளது. கடலோடு ஏரி சேரும் முகத்துவாரம் மணலால் அடைபட்டால் இறால் வரத்து பாதிக்கப்படும்.

அத்தகைய ஒரு கிராமத்தில், "ஒரு வலைக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 5 கிலோ இறால் கிடைக்கிறது" என்று ஒரு கணக்கு சொல்வதாகவும், வரத்து குறைந்துவிட்டதாக மீனவர்கள் கூறுவதாகவும் கொள்வோம். சீட்டுக் குலுக்கித் தேர்ந்த 9 வலைகளின் சராசரி 4.3 கிலோ, திட்ட விலக்கம் 1.2 கிலோ என்க (எண்கள் கற்பனையானவை).

இன்மைக் கருதுகோள்: சராசரி 5 கிலோ.
மாற்றுக் கருதுகோள்: சராசரி 5 கிலோவுக்குக் குறைவு.

திட்டப் பிழை = 1.2 ÷ √9 = 0.4
டி = (4.3 − 5) ÷ 0.4 = −1.75

கட்டின்மைப் படிகள், அதாவது அளவீடுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு, இங்கு 8. 5 விழுக்காட்டு மட்டத்தில் அட்டவணை மதிப்பு −1.860. கிடைத்த மதிப்பு அந்த எல்லையைத் தாண்டவில்லை. ஆகவே இன்மைக் கருதுகோளை நிராகரிக்க இயலாது. இயல்நிலை அட்டவணையின் −1.645-ஐப் பயன்படுத்தியிருந்தால் தவறாக நிராகரித்திருப்போம்.

முடிவின் பொருள்

"நிராகரிக்க இயலவில்லை" என்பது "5 கிலோ என்பது மெய்ப்பிக்கப்பட்டது" என்று பொருள்படாது. இதே தரவிலிருந்து கிடைக்கும் 90 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி ஏறக்குறைய 3.56 முதல் 5.04 கிலோ வரை. உண்மைச் சராசரி 3.6 கிலோவாகவும் இருக்கக்கூடும். அப்படியானால் ஒவ்வொரு வலைக்கும் நாளொன்றுக்கு 1.4 கிலோ இழப்பு. "இழப்பில்லை" என்று எழுதிவிட்டால் அந்த இழப்பு கணக்கில் வராமலே போகும்.

இதே சராசரியும் திட்ட விலக்கமும் 25 வலைகளில் கிடைத்திருந்தால், டி மதிப்பு ஏறக்குறைய −2.92; அட்டவணை மதிப்பு −1.711. அப்போது கூற்று நிராகரிக்கப்படும். ஆகவே ஐயம் எழும்போது கூறைப் பெரிதாக்குவதே சரியான வழி.

நிபந்தனைகள்

1. அளவீடுகள் சமவாய்ப்பு முறையில் எடுக்கப்பட வேண்டும். நல்ல வரத்துள்ள இடங்களின் வலைகளை மட்டும் எடுத்தால் சராசரி உயர்ந்து தோன்றும்.
2. அளவீடுகள் ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டும். ஒரே நாளில் அருகருகே கட்டிய வலைகள் ஒரே நீரோட்டத்தைச் சார்ந்திருப்பதால், அவற்றை ஒன்பது தனித்தனிச் சான்றுகளாகக் கொள்ள முடியாது.
3. தொகுதி ஏறத்தாழ இயல்நிலைப் பரவலில் இருக்க வேண்டும். ஓரிரு வலைகளில் மட்டும் மிகப் பெரிய பிடிப்பு இருந்தால் முடிவை நம்ப முடியாது.