காசு மேசைக்குக் கீழே கொதிக்கும் கணனி

2023ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம் எனது புடவைக் கடையில் நடந்ததைச் சொல்லிவிட்டு விடயத்துக்கு வருகின்றேன். பில் அடிக்கும் கணனி காலையில் நன்றாக ஓடும். பகல் பதினொரு மணி தாண்டினால் ஆமை வேகம். சனம் நிறைந்து நிற்கும் நேரம் பார்த்துத் தானாகவே அணைந்துவிடும். பாதியில் நின்ற பில்கள் பதிவாகாமல் போக, இரவில் காசும் கணக்கும் ஒத்து வராது. காசு மேசையில் இருந்த தம்பி மீது எனக்குச் சந்தேகம் வந்ததை மறைக்க விரும்பவில்லை.

வைரஸ் என்றார் ஒருவர். மின்சாரக் கோளாறு என்றார் இன்னொருவர். புதிய ரெம் வாங்கிப் போட்டேன். அந்தக் காசு வீண். மூன்றாம் நாள் கணனி திருத்துபவர் வந்து பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். புரொசெசருக்கு மேலுள்ள விசிறிக்குக் கீழே, புடவைகளிலிருந்து பறந்த பஞ்சு கம்பளி போலப் படிந்து கிடந்தது. வெப்பநிலை 96 பாகை காட்டியது.

கணனியின் மூளையான புரொசெசர் மிகச் சிறிய துண்டு. சாதாரண மேசைக் கணனியில் அது 65 வோட் அளவு மின்சாரத்தை எடுக்கும். அவ்வளவும் சூடாகவே வெளியேற வேண்டும். அதற்காக மேலே அலுமினியத் தகடுகள் கொண்ட ஹீட் சிங்க், அதன்மேல் விசிறி. இரண்டு உலோகங்களுக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியை நிரப்ப ஒருவகைப் பேஸ்ட் பூசப்படும். பேஸ்ட் காய்ந்தாலோ தகடுகள் அடைபட்டாலோ சூடு தேங்கிவிடும். இன்டெல் புரொசெசர்கள் பலவற்றுக்கு எல்லை 100 பாகை அளவில் இருக்கின்றது. அதை நெருங்கும்போது தன் வேகத்தைத் தானே குறைக்கும்; அப்படியும் தணியாவிட்டால் அணைந்துவிடும். நான் கோளாறு என்று திட்டியது உண்மையில் அதன் தற்காப்பு.

காற்றால் குளிரூட்டும் கணனி, சுற்றியுள்ள காற்றை விடக் குளிர்ச்சியாக முடியாது. 30 பாகை வெக்கையுள்ள கடையில், குளிரூட்டிய அறையை விடப் புரொசெசரும் அந்தளவுக்குக் கூடுதலாகவே சுடும். நாம் செய்வதோ, அழகுக்காகக் கணனியை மேசை அலுமாரிக்குள் வைத்துக் கதவையும் சாத்துவது! வெளியேறிய சூட்டையே அது திரும்பவும் உறிஞ்சுகின்றது. ஆகவே முதல் வைத்தியம் செலவில்லாதது: வெளியே எடுங்கள், நிலத்திலிருந்து உயர்த்துங்கள், பின்பக்கம் அரை அடி இடம் விடுங்கள். பக்கத் தகட்டைக் கழற்றி வைப்பதை நான் விரும்புவதில்லை. தூசு கூடும், பல்லியும் புகும்.

கோர் டெம்ப், எச்டபிள்யூ மொனிட்டர் போன்ற மென்பொருள்கள் வெப்பநிலையைக் காட்டும். வேலை நடக்கும்போது 60, 70 பாகை என்றால் கவலையில்லை. பில் அடிக்கும் வேலைக்கே 90ஐத் தொட்டால் பெட்டியைத் திறக்க வேண்டியதுதான்.

பிளக்கைக் கழற்றிய பின், கடைக்கு வெளியே கொண்டுபோய் ஊதுங்கள். விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் தகடுகளைத் துடையுங்கள். பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். பிளக் கழற்றிய பின்னும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும்.

பேஸ்ட் மாற்றுவது சற்று நுட்பமான வேலை. பழையதை ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் துடைத்துவிட்டு, பயறளவு வைத்தால் போதும். ஏஎம்டி ரகங்கள் சிலவற்றில் ஹீட் சிங்க்கை நேராக இழுத்தால் புரொசெசரும் சேர்ந்து பிடுங்கப்பட்டு ஊசிகள் வளைந்துவிடும். மெதுவாகத் திருகியே எடுக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் திருத்துபவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பது நல்லது.

தண்ணீரால் குளிரூட்டும் கருவியை என்னிடமும் விற்கப் பார்த்தார்கள். பில் அடிக்கும் கணனிக்கு அது எதற்கு? துடைத்துப் புதிய பேஸ்ட் வைத்ததும் எமது கணனி 62 பாகைக்கு இறங்கியது. அன்றிரவு கணக்கு ஒரு ரூபாய் பிசகாமல் வந்தது. தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது மாதத்தின் முதல் வெள்ளி, கடை திறக்குமுன் அவர்தான் அதைத் துடைக்கின்றார்.