இரண்டாம் சனிக்கிழமை வகுப்பு

2024 ஜூலை 13, இரண்டாம் சனிக்கிழமை. விழிஞ்ஞத்தில் நாங்கள் நடத்திவந்த கணக்கு வகுப்பில் அன்று எந்தப் பிள்ளையும் புத்தகத்தைத் திறக்கவில்லை. இரண்டு நாள் முன்னர்தான் புதிய துறைமுகத்தின் முதல் சரக்குப் பெருங்கப்பலான 'சான் பெர்னாண்டோ' வந்து சேர்ந்திருந்தது. ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள கப்பலைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு வகுத்தல் கணக்கு எம்மாத்திரம்? நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அப்பெயருக்குப் பொருள் கேட்டாள். 'சான்' என்பது ஸ்பானிய மொழியில் புனிதரைக் குறிக்கும் என்றோம். "எங்கள் அந்தோணியாரைப் போலவா?" என்றாள். கடற்கரைப் பிள்ளைக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

நாங்கள் மூவர். திருவனந்தபுரத்தில் பணிபுரியும் தமிழ்நாட்டு வங்கி அலுவலர்கள். 2015 செப்டம்பர் முதல் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் வங்கிகளுக்கு விடுமுறை என்பதை வாடிக்கையாளர்கள் நன்கறிவீர்கள். பூட்டிய கதவின்முன் நின்றவர்கள் இன்னும் நன்கறிவார்கள். அந்நாள்களில் மீனவர் குடியிருப்புக்குச் சென்று பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித் தருவதென்று முடிவுசெய்தோம்.

மொழி குறித்து அஞ்சியே போனோம். ஆனால் கடல், கரை, வலை, மீன் எல்லாம் இரு மொழிக்கும் பொதுச்சொத்து. பள்ளி மலையாளத்தில் தடுமாறிய நாங்கள் கரையின் பேச்சில் எளிதில் கலந்துவிட்டோம். கணக்குதான் வியப்பளித்தது. கூடை 1,350 ரூபாய் வீதம் மூன்று கூடை நெத்திலி எவ்வளவு என்றால், ஏலத்தைக் கேட்டு வளர்ந்த சிறுவன் 4,050 என்று நொடியில் சொல்வான். அதையே தாளில் பெருக்கச் சொன்னால் இடம் மாற்றி எழுதி வேறொரு விடையில் போய் நிற்பான். அவனுக்குக் கணக்குத் தெரியும். எழுதும் முறைதான் அயலாக இருந்தது.

எங்கள் குறை விரைவிலேயே வெளிப்பட்டது. கடன் வாங்கிக் கழித்தலை ஒரு சனிக்கிழமை சொல்லிக்கொடுப்போம். பதினான்கு நாள் கழித்துப் போனால் சுவடே இராது. கடன் வாங்குவதை வங்கிக்காரர்களாலேயே கற்பிக்க முடியவில்லையே என்று எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம். ஆயினும் அது சிரிக்கத்தக்கதன்று. விருந்தாளியாக வருபவர் இனிப்பும் எழுதுகோலும் தந்து மகிழ்வித்துப் போகலாம். படிப்பு அப்படி நிலைப்பதில்லை.

ஸ்பானிய மொழி பேசும் கியூபாவில் 1961-இல் நடந்த எழுத்தறிவு இயக்கம் அக்கப்பலின் பெயரால் நினைவுக்கு வந்தது. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட இளம் மாணவர்கள் கையில் விளக்குடன் சிற்றூர்களுக்குச் சென்றனர். உழவர் வீடுகளிலேயே தங்கி, பகலில் அவர்களுடன் உழைத்து, இரவில் அவ்விளக்கொளியில் எழுத்துக் கற்பித்தனர். தமிழ்நாட்டில் 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் இன்னும் எளிய வழியைக் கண்டது. பெருந்தொற்றால் நீண்டநாள் பள்ளி இழந்த 1 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு, அவர்கள் வாழும் பகுதியைச் சேர்ந்த தன்னார்வலரே மாலையில் பாடம் சொன்னார். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. எர்ணாகுளம் மாவட்டத்தின் 'ரோஷ்னி' திட்டமும், புலம்பெயர்ந்த தொழிலாளர் பிள்ளைகளுக்கு அவர்கள் தாய்மொழி அறிந்த தன்னார்வலர்களையே தேடியது. மூன்றிலும் கற்பிப்பவர் பிள்ளையின் அருகில் இருந்தார். எங்களிடம் இல்லாதது அதுவே.

எனவே அக்கரையிலேயே கல்லூரியில் பயிலும் ஒரு மீனவர் மகளிடம் வகுப்பை ஒப்படைத்தோம். மாதந்தோறும் ஒரு சிறு தொகையை மூவரும் பகிர்ந்து அவருக்கு அளித்தோம். தொண்டுக்கு ஊதியமா என்று எங்களில் ஒருவர் தயங்கினார். பேருந்துக் கட்டணத்துக்குத் தந்தையை எதிர்நோக்கும் மாணவியிடம் இலவச உழைப்பை எதிர்பார்ப்பது முறையன்று என்பது மற்ற இருவரின் கருத்து. நாள்தோறும் மாலை வகுப்பு நடந்தது. நாங்கள் சனிக்கிழமைகளில் போய்ப் பின்வரிசையில் அமர்ந்து ஏடுகளைத் திருத்தினோம்.

சென்ற மாதம் எங்களில் ஒருவருக்கு இடமாற்ற ஆணை வந்தது. வங்கிப் பணியில் இது புதிதன்று. விடைபெறச் சென்றபோது கழித்தல் பாடம் நடந்துகொண்டிருந்தது. எவரும் தலை நிமிரவில்லை. வகுப்பு முடிந்தபின் அச்சிறுமி, ஊரின் பெயரை மலையாளத்தில் எழுதிக் காட்டச் சொன்னாள். எழுதினோம். 'ஞ்ஞ' தவறு என்று அடித்துத் திருத்தி, பத்து முறை எழுதும்படி ஏட்டை நீட்டினாள்.