மனந்திரும்பினால் மட்டும் போதுமா?

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகருக்கு அருகே உள்ள ஒரு சிறையில் 1997இல் புதிய சோதனை ஒன்று தொடங்கியது. காலை எழுவது முதல் இரவு படுப்பது வரை கைதிகளின் அன்றாடம் முழுவதும் வேதாகமத்தைச் சுற்றி அமைந்தது. ‘இன்னர்சேஞ்ச்’ என்ற அந்தத் திட்டத்தை நடத்தியது ‘பிரிசன் ஃபெலோஷிப்’ அமைப்பு. அதிபர் நிக்சனின் ஆலோசகராக இருந்து, வாட்டர்கேட் காலத்தில் நீதி விசாரணைக்குக் குறுக்கே நின்ற குற்றத்துக்காக ஏழு மாதம் சிறையில் இருந்த சார்லஸ் கோல்சன் 1976இல் நிறுவிய அமைப்பு அது. 2003இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆய்வறிக்கை வந்தது. திட்டத்தை முழுமையாக முடித்த 75 பேரில், விடுதலையாகி இரண்டு ஆண்டுகளுக்குள் மறுபடி சிறைக்கு வந்தவர்கள் 8 சதவீதம்தான். திட்டத்தில் சேராத, அதே தன்மையுள்ள கைதிகளில் அது 20.3 சதவீதம். ஆதரவாளர்கள் கொண்டாடினார்கள். ஆனால் அதே அறிக்கையில் இன்னோர் எண்ணும் இருந்தது. பாதியில் விலகியவர்களையும் சேர்த்து, உள்ளே நுழைந்த 177 பேரையும் கணக்கெடுத்தால், திரும்பி வந்தவர்கள் 24.3 சதவீதம். சேராதவர்களைவிட அது சற்று அதிகம். ‘முடித்தவர்’ என்ற பெயர் வாங்க, வெளியே போய் ஒரு வேலையில் நிலைத்து, ஒரு சபையோடும் தொடர்பில் இருந்தாக வேண்டும். நிலையான வேலை கிடைத்தவர் சிறைக்குத் திரும்புவது குறைவு என்பது யாருக்கும் தெரிந்ததுதானே என்று மார்க் கிளைமன் போன்ற கொள்கை அறிஞர்கள் கேட்டார்கள்.

இந்த எண்களை வைத்துச் சிறை ஊழியமே வீண் என்று சொல்லிவிட முடியாது. வேறு இடங்களில் வேறு முடிவுகள் வந்திருக்கின்றன. அவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. கிறிஸ்தவர்கள் சிறைக்குள் செய்த வேலைகளில் பலன் தந்தவை, கைதியின் உள்ளத்தை மட்டும் குறிவைத்தவை அல்ல. குற்றத்தால் அறுந்துபோன உறவுகளை நோக்கி அவனை நடக்கவைத்தவையும், விடுதலையான பிறகும் அவனோடு ஆள் இருக்கும்படி பார்த்துக்கொண்டவையுமே பலன் தந்தன. இது உண்மையானால், அரசு இந்த ஊழியத்திடமிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம், எதை ஏற்கக் கூடாது என்பதையும் இதைக்கொண்டே தீர்மானிக்கலாம்.

சிறையிலிருப்பவரைப் பார்க்கப் போவது இயேசுவையே பார்க்கப் போவதற்குச் சமம் என்பது மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் சொல்லும் போதனை. அந்தப் போதனையிலிருந்தே நேரெதிரான இரண்டு வழிகள் பிறந்திருக்கின்றன. குவேக்கர் சபையினரின் செல்வாக்கில் உருவான ஃபிலடெல்ஃபியா சிறை 1829இல் திறக்கப்பட்டது. ஒரு கைதிக்கு ஓர் அறை, ஒரு வேதாகமம், யாரோடும் பேச்சில்லை. அறையைவிட்டு வெளியே கொண்டுபோனால் முகத்தை மூடிவிடுவார்கள். தனிமையில் மனிதன் கடவுளோடு பேசித் திருந்துவான் என்று நம்பினார்கள். 1842இல் அதைப் பார்த்த சார்லஸ் டிக்கன்ஸ், உடலைச் சிதைக்கும் சித்திரவதையைவிட இது கொடியது என்ற பொருளில் எழுதினார். அதே குவேக்கர் சபையைச் சேர்ந்த எலிசபெத் ஃப்ரை, லண்டன் நியூகேட் சிறைக்கு 1813இல் முதன்முறை போனார். 1817இல் பெண்கள் சங்கம் ஒன்றைத் திரட்டி அங்கே வேலையைத் தொடங்கினார். குழந்தைகளுக்குப் பள்ளி, பெண்களுக்குத் தையல் வேலை, மேற்பார்வைக்கு ஒரு பெண் என்று ஏற்பாடு செய்து, சிறை விதிகளுக்கும் கைதிப் பெண்களிடமே சம்மதம் கேட்டார். வேதமும் வாசித்தார். நோக்கத்தில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. ஃபிலடெல்ஃபியா மனிதர்களை அகற்றியது. ஃப்ரை மனிதர்களைக் கொண்டுவந்தார்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கிடைத்த சான்று இதை உறுதிப்படுத்துகிறது. அங்கும் இன்னர்சேஞ்ச் திட்டம் நடந்தது. 2003க்கும் 2009க்கும் இடையே விடுதலையான 732 பேரை, திட்டத்தில் சேர்ந்தவர் பாதி சேராதவர் பாதி என்று ஒப்பிட்டார்கள். சேர்ந்தவர்கள் மறுபடி கைதாகும் வாய்ப்பு 26 சதவீதம் குறைந்திருந்தது. புதிய குற்றத்துக்காகச் சிறைக்கு வரும் வாய்ப்பு 40 சதவீதம் குறைந்திருந்தது. சிறைக்குள் வந்து பழகிய வழிகாட்டிகளின் துணை வெளியிலும் தொடர்ந்தது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். அதே மாநிலத்தில் 16,000க்கும் மேற்பட்ட கைதிகளின் பார்வையாளர் பதிவேடுகளை வைத்து இன்னோர் ஆய்வும் நடந்தது. பார்க்க ஆள் வந்த கைதிகள் மறுபடி தண்டனை பெறும் வாய்ப்பு 13 சதவீதம் குறைவு. உடன்பிறந்தவர்கள், மாமனார் மாமியார் வழி உறவுகள், தந்தை, போதகர் ஆகியோரின் வருகைகள் கூடுதல் பலன் தந்தன. போதகரின் பெயர் உறவினர்களின் வரிசையில் வருவதைக் கவனிக்க வேண்டும். அவர் தேடிவருகிறார் என்பதே கைதிக்குப் பெரிது.

எல்மைராவின் வாசற்படிகள்

மறுசீரமைப்பு நீதி என்று இன்று உலகம் பேசும் முறைக்கு வேறொரு கிறிஸ்தவக் கிளையில் வேர் இருக்கிறது. கனடாவின் ஆன்டாரியோ மாகாணத்து எல்மைரா ஊரில், 1974இல் ஒரே இரவில் இரண்டு இளைஞர்கள் குடிபோதையில் 22 சொத்துகளைச் சேதப்படுத்தினார்கள். மென்னோனைட் சபையைச் சேர்ந்த நன்னடத்தை அலுவலர் மார்க் யான்ட்ஸி, இவர்கள் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பாதிக்கப்பட்டவர்களைச் சந்தித்தால் என்ன என்று நீதிபதியிடம் கேட்டார். முதலில் தயங்கிய நீதிபதி பிறகு சம்மதித்தார். குடிபெயர்ந்துவிட்டவர்கள் நீங்கலாக எல்லோருடைய வாசற்படியிலும் நின்று, தாங்கள் செய்ததால் எவ்வளவு நஷ்டம் என்று கேட்டறிந்து, பின்னர் பணத்தையும் கொடுத்தார்கள். அபராதமும் நன்னடத்தைக் கண்காணிப்பும் தனியாக இருந்தன. அமெரிக்க மென்னோனைட் அறிஞர் ஹோவர்ட் ஸேர் 1990இல் எழுதிய ‘சேஞ்சிங் லென்ஸஸ்’ நூலில் இதற்கு ஒரு கோட்பாட்டு வடிவம் தந்தார். எந்தச் சட்டம் மீறப்பட்டது, யார் மீறினார், என்ன தண்டனை என்று நீதிமன்றம் கேட்கிறது. யாருக்கு வலித்தது, அவருக்கு என்ன தேவை, அதைச் செய்யும் கடமை யாருடையது என்று கேட்கலாமே என்பது அவர் வாதம்.

இது குற்றவாளிக்குச் சலுகை காட்டும் வேலை என்பது முதலில் எழும் ஆட்சேபம். எதிர்த்தரப்பில் நின்று வாதாடும் வழக்கறிஞரின் முகத்தைப் பார்ப்பதைவிட, தான் கத்தி காட்டி மிரட்டிய பெண்ணின் முகத்தைப் பார்ப்பது எளிதா என்று யோசித்தால் இந்த ஆட்சேபம் பாதி கரைந்துவிடும். மீதியை ஆய்வுகள் கரைக்கின்றன. 2013இல் வெளியான கேம்ப்பெல் தொகுப்பாய்வு, வழக்குகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய 10 சோதனைகளை எடுத்துக்கொண்டது. அவற்றில் 1,880 குற்றவாளிகள். பாதிக்கப்பட்டவரை நேரில் சந்தித்தவர்கள் மீண்டும் குற்றம் செய்வது ஓரளவு குறைந்திருந்தது. சொத்துக் குற்றங்களைவிட வன்முறைக் குற்றங்களில் பலன் கூடுதலாகத் தெரிந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கும் வழக்கமான நீதிமன்ற நடைமுறையைவிட இதில் மனநிறைவு அதிகம். இதில் வியப்பில்லை. நீதிமன்றத்தில் அவர்கள் வெறும் சாட்சிகள். ஏன் என்ற கேள்விக்கு அங்கே யாரும் பதில் சொல்வதில்லை. 2008 மார்ச்சில் பிரியங்கா காந்தி வேலூர் சிறைக்குப் போய், தன் தந்தை ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற நளினியைச் சந்தித்ததை நாம் அறிவோம். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் அவருக்கு அந்தச் சந்திப்பு தேவைப்பட்டது.

மன்னிப்பு கடமையா?

இதைவிடக் கனமான ஆட்சேபம் பாதிக்கப்பட்டவர் பக்கமிருந்து வருகிறது. மன்னிப்பைப் புண்ணியமாகப் போற்றும் ஒரு மதம் நடுவராக அமர்ந்தால், மன்னிக்க மனமில்லாதவர் பாவியாகிவிட மாட்டாரா? இதற்கு ருவாண்டாவை விடக் கடுமையான சோதனைக்களம் இல்லை. 1994 இனப்படுகொலைக்குப் பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சிறைகளில் அடைபட்டிருந்தார்கள். வழக்கமான நீதிமன்றங்களால் முடியாமல், ‘கச்சாச்சா’ என்ற ஊர் நீதிமன்றங்கள் 2012 வரை ஏறத்தாழ 20 லட்சம் வழக்குகளை விசாரித்தன. அங்கே பிரிசன் ஃபெலோஷிப், சகேயுவின் கதையை வைத்து வகுப்புகள் நடத்தியது. காட்டத்தி மரத்திலிருந்து இறங்கிவந்து, ஏய்த்து வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்ன வரி வசூலிப்பவன்தான் சகேயு. விடுதலையானவர்களும் உயிர்பிழைத்தவர்களும் சேர்ந்து வீடு கட்டி அருகருகே வாழும் ஊர்களும் உருவாயின.

அந்த ஊர்களைப் பார்த்து நெகிழ்வது எளிது. ஆனால் உயிர்பிழைத்தவர்களுக்கு வேறு போக்கிடம் இருந்ததா என்றும் கேட்க வேண்டும். நல்லிணக்கத்தை அரசே கொள்கையாக அறிவித்த நாட்டில், வீடும் அதன் வழியாகக் கிடைக்கும்போது, சம்மதம் எந்த அளவுக்குச் சம்மதம்? வென்ற தரப்புப் படையினரின் குற்றங்கள் கச்சாச்சாவின் எல்லைக்குள் வரவே இல்லை என்பதையும் மனித உரிமை அமைப்புகள் சுட்டிக்காட்டியிருக்கின்றன. திருச்சபையின் கையும் சுத்தமாக இல்லை. ந்யாமாட்டா, ந்டராமா ஆலயங்களில் அடைக்கலம் புகுந்தவர்கள் அங்கேயே கொல்லப்பட்டார்கள். தன் ஆலயத்தை மக்களோடு சேர்த்து இடித்துத் தள்ளியதில் பங்கு கொண்ட பாதிரியார் அத்தனாஸ் செரொம்பாவுக்குச் சர்வதேசத் தீர்ப்பாயம் 2008இல் மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனை விதித்தது. ஆகவே இங்கே சபைக்கு மன்னிப்பைப் போதிக்கும் தகுதியைவிட, கடனை அடைக்கும் பொறுப்பே முதலில் இருக்கிறது. ஸேரும் மறுசீரமைப்பு நீதியின் நோக்கம் மன்னிப்பு அல்ல என்றே எழுதினார். உண்மையைச் சொல்வது, ஈடு செய்வது, திரும்பச் செய்யாதிருப்பது ஆகிய மூன்றும் குற்றம் செய்தவரின் கடமை. மன்னிப்பது பாதிக்கப்பட்டவரின் உரிமை. அவர் மறுத்தாலும் அந்த மூன்று கடமைகள் குறையப்போவதில்லை.

மதமாற்றம் பற்றிய ஆட்சேபமும் நியாயமானது. சிறைக்கைதியைப் போலத் தப்ப வழியில்லாத கேட்போர் கூட்டம் எந்தப் பிரசங்கிக்கும் கிடைக்காது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அரசுப் பணத்தோடு நடந்த இன்னர்சேஞ்ச் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு, மற்றவர்களுக்குக் கிடைக்காத அந்தரங்கமும் குடும்பத்தோடு கூடுதல் தொடர்பும் கிடைத்தன. இது அரசே ஒரு மதத்தைத் தாங்குவதாகும் என்று 2006இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் அதன் சாரம் நிலைத்தது. சரியான தீர்ப்பு அது. நல்ல படுக்கைக்கு விலையாக விசுவாசத்தைக் கேட்டால், கிடைப்பது விசுவாசமாகவும் இருக்காது. பிரேசிலில் மாரியோ ஒட்டோபோனி என்ற வழக்கறிஞர் 1972இல் தொடங்கிய ‘அபாக்’ சிறைகளுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். ஆயுதக் காவலர்கள் இல்லாமல், சாவியைக் கைதிகளிடமே கொடுத்து நடத்தப்படும் சிறைகள் அவை. 1992இல் ஒரே நாளில் 111 கைதிகள் கொல்லப்பட்ட கராந்திரு சிறை இருந்த நாட்டில் இது சிறிய சாதனை அல்ல. ஆனால் அங்கே சேர்பவர்கள் விரும்பி விண்ணப்பித்து வருபவர்கள். அதனால் அவர்களின் வெற்றியைச் சாதாரணச் சிறைகளின் தோல்வியோடு நேராக ஒப்பிட முடியாது. ஜெபம் அந்தச் சிறைகளின் மையத்தில் இருக்கலாம். உள்ளே போக அதுவே சீட்டாகிவிடக் கூடாது.

அப்படியானால் விசுவாசத்தை எடுத்துவிட்டால் இந்த வேலையைச் செய்ய ஆள் வருவார்களா என்று ஊழியக்காரர்கள் திருப்பிக் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 1994இல் கனடாவின் ஹாமில்டன் நகரில், குழந்தைகளிடம் பாலியல் குற்றம் செய்து தண்டனை முடிந்து வந்த ஒருவரை ஊரே விரட்டியபோது, ஹாரி நை என்ற மென்னோனைட் போதகர் சிலரைச் சேர்த்துக்கொண்டு அவரைச் சுற்றி ஒரு சிறு வட்டத்தை அமைத்தார். நாள்தோறும் பேசினார்கள், கண்காணித்தார்கள், தவறு நெருங்கினால் தட்டிக்கேட்டார்கள். சம்பளத்துக்கு அப்படி ஒரு வேலைக்கு யாரும் வந்திருப்பார்களா என்பது சந்தேகமே. ஆனால் அந்த முறை பிறகு வேறு நாடுகளுக்கும் பரவியது. மினசோட்டாவில் அரசின் சிறைத்துறையே அதை நடத்தியது. அங்கே 100 பேரை வைத்து நடந்த சோதனையில், மறுபடி பாலியல் குற்றத்துக்காகக் கைதாகும் வாய்ப்பு 88 சதவீதம் குறைந்தது. எண்ணிக்கை சிறியது என்றாலும் விளைவு பெரியது. விசுவாசம் தொண்டருக்கு உந்துதலாக இருக்கட்டும். கைதிக்கு அது நிபந்தனையாகாதவரை முறை பழுதாவதில்லை.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

இந்தியச் சிறைகளுக்கும் கிறிஸ்தவ அமைப்புகள் போய்வருகின்றன. ‘பிரிசன் மினிஸ்ட்ரி இந்தியா’ என்ற கத்தோலிக்க அமைப்பு நாடு முழுவதும் இயங்குகிறது. ஆனால் இங்கே சிறையில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். குற்றமே நிரூபணமாகாதவரிடம் மனந்திரும்பச் சொல்வது அநியாயம். அவருக்கு முதலில் வேண்டியது வக்கீலும் ஜாமீனும். குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களுக்குச் சட்டத்தில் ஏற்கெனவே வழி உண்டு. 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம், குற்றவாளி இழப்பீடு தரும்படி உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 2006இல் நடைமுறைக்கு வந்த குற்ற ஒப்புதல் பேர முறையில், ஏழு ஆண்டுகள் வரை தண்டனையுள்ள பல வழக்குகளில் பாதிக்கப்பட்டவரும் அமர்ந்து பேசித் தீர்வு காணலாம்; பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்கள் அதில் சேராது. சட்டம் இருக்கிறது, இரு தரப்பையும் தயார்செய்து உட்காரவைக்கப் பயிற்சி பெற்ற ஆட்கள்தான் இல்லை.

இது கட்டப்பஞ்சாயத்துக்குச் சிவப்புக் கம்பளம் விரிப்பதாகாதா என்று தமிழ் வாசகர் கேட்பார், கேட்கத்தான் வேண்டும். சாதியும் பணமும் உள்ளவர் பக்கம் ஊர் சாய்வதை நாம் பார்க்காதவர்கள் அல்ல. ‘சமாதானமாகப் போ’ என்ற சொல் இங்கே எப்போதும் எளியவரை நோக்கியே சொல்லப்படுகிறது. அதனால் வேலி கட்டாமல் இந்த முறையைக் கொண்டுவரக் கூடாது. குற்றம் நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்க வேண்டும். சந்திப்பைப் பாதிக்கப்பட்டவர் எந்தக் கட்டத்திலும் நிறுத்தலாம். முடிவு நீதிபதியின் ஒப்புதலோடு மட்டும் செல்லும். வன்கொடுமை வழக்குகளிலும் பாலியல் வழக்குகளிலும் தீர்ப்புக்கு முன் பேச்சுக்கே இடமில்லை. தண்டனை உறுதியான பிறகு, பாதிக்கப்பட்டவர் தாமே கேட்டால் மட்டும் நடக்கலாம். இந்த வேலிக்குள் உழைக்கத் தயாராக இருக்கும் எந்த அமைப்பையும், அது எந்த மதமானாலும், சிறைத்துறை வரவேற்கலாம். அப்படி வருபவர்களிடம் எத்தனை பேர் மனந்திரும்பினார்கள் என்ற கணக்கைக் கேட்க வேண்டியதில்லை. பாதியில் விலகியவர்களையும் சேர்த்து எத்தனை பேர் சிறைக்குத் திரும்பினார்கள், எத்தனை பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு கிடைத்தது, விடுதலையாகி ஓராண்டு கழிந்தும் எத்தனை தொண்டர்கள் தொடர்பில் இருக்கிறார்கள் என்று ஆண்டுதோறும் வெளியிடச் சொன்னால் போதும். டெக்சஸில் மறைந்து கிடந்த எண், இங்கே முதல் பக்கத்திலேயே வந்துவிடும்.