கண்ணாடி இலைக்குள் கருகும் கோதுமை

செங்கல்பட்டு மாவட்டச் சேலையூரில் கோதுமை விளைவதில்லை. ஆனால், கேம்ப் ரோடு மளிகைக் கடைகளில் ஆட்டா வாங்காத வீடு அபூர்வம். அந்த மாவின் விலையில் பஞ்சாப், ஹரியானா வெயிலுக்கும் பங்குண்டு.

2022 மார்ச்சில் நாட்டின் சராசரி அதிகபட்ச வெப்பநிலை 33.1 டிகிரி, 1901-க்குப் பிறகு அப்படியொரு மார்ச் பதிவானதில்லை. 11.1 கோடி டன் கோதுமை விளையும் என்ற கணிப்பு சரிந்தது. மே 13-ம் தேதி கோதுமை ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை விதித்தது.

அந்த ஆண்டு பெரும்பாலும் அடிபட்டது பால் பிடிக்கும் பருவம். மணி சுருங்கியது கண்ணுக்குத் தெரிந்தது. பூப்பதற்கு முன்பே வெயில் செய்யும் சேதம் அப்படித் தெரியாது.

தொண்டைக்கதிரில் என்ன நடக்கிறது?

கதிர் வெளியே வருவதற்கு முந்தைய தொண்டைக்கதிர்ப் பருவத்தில் தண்டைக் கீறிப் பார்த்தால், கடைசி இலையான கண்ணாடி இலையின் உறைக்குள் வெளிர்பச்சையில் இளங்கதிர் இருக்கும். மகரந்தம் உருவாகத் தொடங்குவது அதற்குள்தான். 1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இந்தக் கட்டத்தில் இருந்த செடிகளை வெறும் 3 நாள் 30 டிகிரி வெப்பத்தில் வைத்தார்கள். மகரந்தம் மலடானது, மணி பிடிப்பது குறைந்தது.

எண்ணிக்கை மட்டுமல்ல, எடையும் குறையும். பூவின் சூலக உறைதான் பிறகு மணியின் தோலாகிறது. வெப்பத்தில் சூலகம் சிறுத்துவிட்டால், மணி பருப்பதற்கும் எல்லை விழுந்துவிடும். சின்னச் சாக்கில் எவ்வளவு கொட்டினாலும் கொள்ளாது. பிறகு தண்ணீரும் உரமும் தந்தாலும் அந்த இழப்பு முழுதாக ஈடாகாது.

விதைப்பில் இருக்கிறது வழி

2023 பிப்ரவரியும் வெப்பத்தில் சாதனை படைத்தது. பயிரைக் கண்காணிக்க மத்திய அரசு குழு அமைத்தது. மார்ச் மழை வெப்பத்தைத் தணித்தது. மழையை நம்பியே காலம் தள்ள முடியாது. அக்டோபரிலேயே விதைத்தால் வெயில் ஏறுமுன் மணி முற்றிவிடும். ஆனால், சாதாரண ரகங்கள் அவசரப்பட்டுக் கதிர் தள்ளிவிடும். அதைத் தடுக்கவே டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் ஹெச்டி 3385 ரகத்தை உருவாக்கியது.

பருவம் பார்த்துப் பயிரைக் காக்க வேண்டும் என்ற இந்தப் பாடம் நமக்கும் உண்டு. நம் செங்கல்பட்டு மாவட்டத்து நவரை, சொர்ணவாரி நெல்லும் பூக்கும் நேரத்தில் 35 டிகிரியைத் தாண்டினால் பதராகும். ஆகவே வானிலை எச்சரிக்கை ‘இன்று எத்தனை டிகிரி’ என்பதோடு நிற்கக் கூடாது. அந்த வட்டாரப் பயிர் எந்தப் பருவத்தில் இருக்கிறது, இன்றே என்ன செய்ய வேண்டும் என்பதையும் விவசாயிக்குச் சொல்ல வேண்டும். அறுவடையில் இழப்பைக் கணக்கெடுப்பதைவிட, தொண்டைக்கதிரிலேயே பயிரைக் காப்பதுதான் அரசின் முதல் வேலை.